களவுபோன பிள்ளையும் கதவடைத்த வீடும்

மர்ம நாவல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு கொலை, ஒரு துப்பறிவாளர், கடைசி அத்தியாயத்தில் அவிழும் ஒரு முடிச்சு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலம் தொட்டுத் தமிழ் வாசகர் பழகிவந்த வாய்ப்பாடு அது. சரித்திர நாவல் என்றால் கல்கியும் அவர் வழி வந்தவர்களும். இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்த கதை உண்டா? அதிலும், ஆடலும் பாடலும் தொழிலாக அமைந்த ஓர் இளம்பெண், தன் வாழ்வைக் கெடுத்த குற்றவாளியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அடையாளம் கண்டு அகப்பட வைக்கும் கதை உண்டா?

உண்டு. 1899ஆம் ஆண்டு மிர்ஸா முஹம்மது ஹாதி ருஸ்வா உருது மொழியில் எழுதிய ‘உம்ராவ் ஜான் அதா’ அப்படிப்பட்ட நாவல்தான். உருது நாவல் இலக்கியத்தின் முன்னோடிப் படைப்புகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. நம்மவர்களில் பலர் அதை ஒரு ஹிந்திப் படமாக மட்டுமே அறிவர். 1981இல் முஸஃபர் அலி இயக்கி, ரேகா நடித்து, கையாம் இசையமைத்த அந்தப் படம் வானொலி வழியாக இந்த மலைகளுக்கும் வந்து சேர்ந்தது. பாடல்கள் ஞாபகத்தில் நின்றன. கதையின் முதுகெலும்பான குற்றமும் அதற்கான தண்டனையும் பின்னால் போய்விட்டன.

இந்தக் கட்டுரையில் அந்த நாவலை, நமது சொந்தச் சொத்தான இன்னொரு நாவலோடு பக்கத்தில் வைத்து விளக்க முற்படுகிறேன். அது அறிஞர் சித்திலெப்பை 1885இல் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’. தெமோதரையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் பேசினோம். உருது எங்களில் யாருக்கும் தெரியாது. குஷ்வந்த் சிங்கும் எம். ஏ. ஹுசைனியும் சேர்ந்து செய்த 1961ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பை நான் வாசித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் கேட்டார்கள். அங்கே எழுந்த ஒரு கேள்விதான் இதை எழுதத் தூண்டியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இரண்டு நூலாசிரியர்களும் யார் என்று பார்ப்போம்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர். தொழிலால் வழக்கறிஞர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்க வழி செய்தவர். அதே 1882இல் எகிப்தில் ஒறாபி பாஷாவின் எழுச்சி ஆங்கிலேயரால் முறியடிக்கப்பட்டது. 1883 ஜனவரியில் ஒறாபி பாஷாவும் தோழர்களும் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சித்திலெப்பை அவர்களோடு நெருங்கிப் பழகினார். இரண்டே வருடங்களில் வெளிவந்த அவரது நாவலின் நாயகன் எகிப்தியனாக இருப்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். 1892இல் கொழும்பில் உருவாகிப் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவின் தோற்றத்திலும் இந்த உறவுக்கு இடமுண்டு.

ருஸ்வா லக்னோவைச் சேர்ந்தவர். ரூர்க்கியில் பொறியியல் படித்து, குவெட்டாப் பக்கம் ரயில் பாதை போடும் வேலையில் ஓவர்சியராக இருந்தவர். இரசாயனத்தில் பைத்தியம். கணிதம், வானியல், தத்துவம் எல்லாவற்றிலும் கை வைத்தவர். பிழைப்புக்காகக் கொலைக் கதைகளையும் உருதுவில் தழுவி எழுதியவர். பிற்காலத்தில் ஹைதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் பணிபுரிந்து 1931இல் அங்கேயே காலமானார்.

ஒருவர் சட்டம் படித்தவர், மற்றவர் பொறியியல் படித்தவர். இருவருமே ஆங்கிலக் கல்வியின் நன்மையையும் வெள்ளைக்காரன் ஆட்சியின் கனத்தையும் ஒன்றாக அனுபவித்த தலைமுறை. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததாகக் கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் பதினான்கு வருட இடைவெளியில் இருவரும் ஒரே முடிச்சைத்தான் எடுத்தார்கள்: களவுபோன ஒரு பிள்ளை.

இரண்டு கடத்தல்கள்

அசன் எகிப்தின் தலைநகரில் உயர்குடியில் பிறந்த குழந்தை. பச்சைப் பிள்ளையாக இருக்கும்போதே திருடப்பட்டு பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகிறான். தான் யார் பிள்ளை என்று தெரியாமலே வளர்கிறான். அங்கிருந்து தப்பிக் கல்கத்தா போகிறான், படிக்கிறான், ஆபத்துகளில் மாட்டுகிறான், மீள்கிறான். கடைசியில் பிறப்பின் உண்மை தெரியவந்து, எகிப்துக்குத் திரும்பி, ‘பே’ என்ற பட்டத்தோடு தன் குடும்பத்தின் இடத்தில் அமர்கிறான். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று ஆய்வாளர் பலர் குறிப்பிடும் நூல் இதுதான். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது 1879இல். ஆறே வருடங்களில் ஒரு கண்டி முஸ்லிம் இந்தப் புது வடிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

அமீரன் ஃபைஸாபாத்தில் பிறந்தவள். வாப்பா ஒரு சாதாரணக் காவல் உத்தியோகக்காரர். பக்கத்து வீட்டுக்காரனான தில்லாவர் கான் என்ற கேடி மீதான வழக்கில் அவர் உண்மையைச் சொல்ல, அவன் மறியலுக்குப் போகிறான். வெளியே வந்ததும் பழிவாங்க அவன் தேர்ந்தெடுத்தது அவரை அல்ல, அவருடைய சின்ன மகளை. கொன்றுவிடத்தான் தூக்கிப்போகிறான். கூட்டாளி, “கொல்லுவதைவிட விற்றால் காசு” என்ற கணக்கைச் சொல்ல, பிள்ளை லக்னோவில் கானும் என்பவளின் கோட்டாவில் விற்கப்படுகிறாள். அங்கே அவளுக்கு உம்ராவ் என்று பெயர் மாறுகிறது.

கோட்டா என்றால் ஆடல்பாடல் தொழில் நடத்தும் பெண்களின் மாடி வீடு. அங்குள்ள தவாயிஃப் பெண்களை வெறும் விலைமாதர் என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட முடியாது. கதக் நடனம், ராகம், உருதுக் கவிதை, சபையில் பேசும் முறை எல்லாம் அங்கே வருடக்கணக்கில் கற்பிக்கப்பட்டன. 1858க்கும் 1877க்கும் இடைப்பட்ட லக்னோ நகர வரிப் பதிவேடுகளை ஆராய்ந்த வீணா தல்வார் ஓல்டன்பர்க் என்ற வரலாற்றாசிரியர், மிக அதிக வரி கட்டியோர் வகுப்பில் இந்தப் பெண்கள் இருந்ததைக் கண்டார். 1857 கிளர்ச்சிக்குத் துணைபோனதற்காக ஆங்கிலேயர் பறிமுதல் செய்த சொத்துப் பட்டியலிலும் அவர்களின் வீடுகள் இருந்தன. கான்பூரில் அதே கிளர்ச்சியில் அஸீஸன் என்ற ஆடற்பெண் ஆண் உடை அணிந்து சிப்பாய்களோடு நின்றாள் என்ற செய்தியும் வரலாற்றில் பேசப்படுகிறது. தமிழகத்துத் தேவதாசி முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: கலையும் செல்வமும் ஒரு பக்கம், சுதந்திரமில்லாத உடல் மறுபக்கம்.

குற்றவாளியைப் பிடிப்பது யார்?

தமிழ்ச் சரித்திர நாவலில் ஆடற்பெண் என்றால் சிவகாமி நினைவுக்கு வருவாள். 1944 முதல் ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘சிவகாமியின் சபதம்’ நாவலில் வாதாபிக்குச் சிறைப்பட்டுப்போன நாட்டியக்காரி, அந்த நகரம் எரிந்தாலன்றித் திரும்ப மாட்டேன் என்று சபதம் எடுக்கிறாள். ஆனால் படை திரட்டுவது மாமல்லன். வாதாபியை எரிப்பது பரஞ்சோதியின் சேனை. சபதம் அவளுடையது, செயல் ஆண்களுடையது.

உம்ராவின் கதையில் அரசனும் இல்லை, சேனையும் இல்லை. அவள் வாளெடுத்துத் துரத்தவும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு கருவி: ஞாபகம். அன்றிரவு மாட்டு வண்டியில் தன்னைக் கட்டிப் போட்டுக்கொண்டு போன முகத்தை அவள் மறக்கவில்லை. 1856இல் அவத் இராச்சியத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொள்கிறார்கள். மறுவருடம் கிளர்ச்சி வெடித்து லக்னோ சிதறுகிறது. ஆட்சி மாறி, நாணயம் மாறி, ஊரே மாறிய பிறகு ஒருநாள் தற்செயலாக அந்த முகத்தைக் காண்கிறாள். பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது. அதன் பலனாகத் தில்லாவர் கான் பிடிபடுகிறான், தூக்கிலிடப்படுகிறான்.

மர்ம நாவலின் இலக்கணப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தாயிற்று. ஆனால் வாசிக்கிற நமக்கு ஆறுதல் வருவதில்லை. ஏன்? குற்றவாளி யார் என்பது முதல் அத்தியாயங்களிலேயே நமக்குத் தெரியும். அந்த நாவலின் உண்மையான மர்மம், “இவளைத் திருடியது யார்” என்பதல்ல. “இவளைத் திரும்ப ஏற்பது யார்” என்பதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவைப்படவில்லை. 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த மலைநாட்டுப் பாதையில், எல்லைப் பக்கமிருந்து வரும் கோச்சி தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தால் போகும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது போலிருக்கும். ஆனால் வந்திருப்பது பல அடி கீழே. உம்ராவ் ஃபைஸாபாத்துக்குத் திரும்பும் அத்தியாயமும் அப்படித்தான்.

தில்லாவர் கான் பிடிபடுவதற்கு முன்பே, கிளர்ச்சிக் காலத்துக் குழப்பத்தில், அவள் பிறந்த ஊருக்குப் போகிறாள். பாட அழைக்கப்பட்ட இடம் தன் பழைய வீட்டுப் பக்கமே என்று தெரிகிறது. உம்மா அவளைக் காண்கிறாள், அறிகிறாள், கட்டிப்பிடித்து அழுகிறாள். பிறகு தம்பி கத்தியோடு வருகிறான். வெட்டவில்லை, அவனும் அழுகிறான். ஆனால் இந்த ஊரில் இருக்காதே என்பதுதான் முடிவு. அவள் போய்விடுகிறாள். அவளைக் கடத்தியவனுக்குச் சட்டம் தண்டனை கொடுத்தது. கதவைச் சாத்திய வீட்டுக்கு எந்தச் சட்டமும் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி

எங்கள் வட்டத்தில் உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி கேட்டது இதுதான்: “சேர், ரெண்டு பிள்ளையளையும் களவெடுத்துத்தானே போனாங்க. அசனுக்கு வாப்பா, வீடு, பட்டம் எல்லாம் கிடைச்சிச்சு. இவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் கிடைக்கல்ல?”

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வயதான ஒரு ராத்தா சொன்னார்: “அவன் பொடியன். திரும்பி வந்தா மகன். இவ பொட்டை. திரும்பி வந்தா கேள்வி.”

இதைவிடச் சுருக்கமாக இரு நாவல்களின் வேறுபாட்டை எந்த விமர்சகரும் சொல்லிவிட முடியாது. ஆனால் விளக்கமாகச் சொல்வது கட்டுரையாளனின் கடமை.

இரு நூல்களுக்கும் அடியில் ஒரு பழைய கதை இருக்கிறது. அது நமக்கெல்லாம் சின்ன வயசிலேயே ஓதிக் காட்டப்பட்ட கதை. யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு. கிணற்றில் போடப்பட்ட பிள்ளை, சொற்பக் காசுக்கு விற்கப்பட்ட பிள்ளை, எகிப்தில் உயர்ந்த பிள்ளை, கடைசியில் தனக்குத் தீங்கு செய்த சகோதரர்களைத் தானே முதலில் அடையாளம் கண்டு மன்னித்த பிள்ளை. தந்தை யஃகூப் நபி (அலை) பார்வை போகும்வரை அழுது காத்திருந்தார்கள். சித்திலெப்பை இந்த வரலாற்றின் முழு வளைவையும் எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது: பிரிவு, அந்நிய தேசம், கல்வி, உயர்வு, மீள்கூடல். ருஸ்வாவோ கிணறு, விற்பனை, அடையாளம் காணுதல் வரை வந்துவிட்டு, மீள்கூடல் வரவேண்டிய இடத்தில் கத்தியோடு ஒரு தம்பியை நிறுத்தினார். காத்திருக்கும் யஃகூப் அங்கே இல்லை. வாப்பா அதற்குள் மெளத்தாகிவிட்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அசனுக்குக் கல்வி ஒரு பாடசாலை வழியாக வருகிறது. அமீரனுக்கு? கோட்டாவில்தான். அங்கே ஒரு மௌலவியிடம் அவள் எழுத்தும் பாரசீகமும் கவிதையும் கற்கிறாள். ‘அதா’ என்பது அவள் கவிஞராகச் சூடிய புனைபெயர். களவுபோகாமல் ஃபைஸாபாத்திலேயே இருந்திருந்தால் அவளுக்கு அந்த எழுத்துக் கிடைத்திருக்குமா? கசப்பான கேள்வி. ஒரு பெண்பிள்ளைக்கு அத்தனை கல்வியையும் கொடுத்த வீடு, அவளை விலைக்கு வாங்கிய வீடாக இருந்தது. இதைப் படிக்கும்போதுதான் சித்திலெப்பை பெண்பிள்ளைகளின் படிப்புக்காக ஏன் அத்தனை பேச்சும் ஏச்சும் கேட்டு நின்றார் என்பது உறைக்கிறது. நாவலில் அவர் ஆண்பிள்ளைக்குக் கொடுத்ததை, ஊரில் பெண்பிள்ளைக்குக் கொடுக்கப் பாடுபட்டார்.

விலையும் விதியும்

ருஸ்வா வைத்திருக்கும் மற்றொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். அமீரனோடு அதே சமயம் ராம் தேயி என்ற இன்னொரு பிள்ளையும் விற்பனைக்கு வைக்கப்படுகிறாள். அவள் ஒரு பிரபுவின் வீட்டுக்கு விற்கப்பட்டு, பிற்காலத்தில் அந்தஸ்துள்ள பேகமாக இருக்கிறாள். பல வருடங்களின் பின் இருவரும் கான்பூரில் சந்திக்கிறார்கள். ஒரே இருட்டறையில் அழுத இரண்டு பிள்ளைகள். ஒருத்தி திரைக்குப் பின்னால் பேகம், ஒருத்தி சபைக்கு முன்னால் பாடகி. இதில் யாருடைய ஒழுக்கமும் தீர்மானிக்கவில்லை. வாங்கியவர் யார் என்பதே தீர்மானித்தது. ‘கெட்டுப்போனவள்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லை ருஸ்வா இந்த ஒரு சந்திப்பாலேயே உடைத்துவிடுகிறார்.

சொல்லும் முறையிலும் அவர் கெட்டிக்காரர். கதையில் ருஸ்வா என்ற பாத்திரமாக அவரே வருகிறார். நண்பர்கள் கவிதை படிக்கும் இடத்தில், அடுத்த அறையிலிருந்து ஒரு பெண் குரல் பாராட்டுகிறது. அந்தக் குரலின் சொந்தக்காரியிடம் கேட்டு எழுதியதுதான் நாவல் என்ற பாவனை. அதனால் உம்ராவ் உண்மையில் வாழ்ந்தவளா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதே வருடத்தில் அவர் ‘ஜுனூனே இன்திஸார்’ என்று ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அதில் உம்ராவே ருஸ்வாவின் காதல் கதையை எழுதிப் பழிதீர்த்துக்கொள்வதாக அமைப்பு. தன் வாழ்க்கையை ஊருக்குச் சொன்னவனின் வாழ்க்கையை அவளும் ஊருக்குச் சொல்கிறாள். விளையாட்டுத்தான், ஆனால் ஒரு பெண்ணின் கதையை எழுதும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

ஊவாத் தோட்டங்களிலிருந்தும் பக்கத்துச் சிறு டவுன்களிலிருந்தும் பிள்ளைகள் வெளியே போவது புதிதல்ல. தேயிலைக்காக இந்த மலைகளுக்கு மனிதர்களைக் கொண்டுவந்ததே ஆள்கட்டும் முறைதான். லயத்துப் பிள்ளை கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு நிற்பதும், கடன் அடைக்க ஒரு தாய் வளைகுடா நாட்டுக்குப் போவதும், தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பேதமில்லாமல் எங்கள் பக்கம் நடப்பவை. இவர்களில் பெரும்பாலோர் உழைத்து, மரியாதையோடு திரும்பி வருகிறார்கள். சிலருக்கு அநியாயம் நடக்கிறது. அநியாயம் செய்தவனைப் பிடிக்கப் பொலிஸ் இருக்கிறது, கோடு இருக்கிறது; சில வேளை நீதியும் கிடைக்கிறது.

ஆனால் திரும்பி வந்தவளிடம், “அங்க என்ன நடந்திச்சு?” என்று கேட்கும் தொனி ஒன்று உண்டு. அனுதாபம் போலத் தொடங்கி விசாரணையாக மாறும் தொனி. கலியாணப் பேச்சு வரும்போது சொல்லாமல் சொல்லப்படும் செய்தி உண்டு. கத்தியை எவரும் தூக்குவதில்லை. தூக்கத் தேவையில்லாமலே அந்தத் தம்பியின் வேலையை ஊர் செய்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் திரும்பி வந்த மகளை வேறு ஊரில் உள்ள சாச்சி வீட்டில்தான் வைத்திருந்தது. கேட்டால், “அவளுக்கு அங்க நல்லம்” என்றார்கள். யாருக்கு நல்லம் என்று நான் கேட்கவில்லை. அந்த உம்மாவின் முகத்தைப் பார்த்தபோது கேட்கவும் தோன்றவில்லை.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஆண்பிள்ளையின் வெற்றிக் கதையாக மட்டும் ஓதிவிட்டால் பாதிப் பாடம்தான் கிடைக்கும். அவதூறு சொல்லப்பட்டவர், செய்யாத குற்றத்துக்குச் சிறையிலிருந்தவர் அவர்கள். சிறைக்கதவு திறந்தபோதும், தன்மீது சொல்லப்பட்டது பொய்யென்று விசாரித்துத் தெளியப்படும்வரை வெளியே வர இசையவில்லை. அந்தத் தெளிவு பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. தீங்குக்கு ஆளானவரின் கண்ணியத்தைச் சபையறியத் திருப்பிக் கொடுப்பதும் நீதியின் ஒரு பகுதிதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். குற்றவாளிக்குத் தண்டனை என்பது மற்றப் பாதி.

வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கும், பாடசாலையில் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறவர்களுக்கும் ஒரு யோசனை. ‘அசன்பே சரித்திரம்’ நாவலை ‘முதல் நாவல்’ என்ற பரீட்சை விடையாக மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்தாதீர்கள். அசன் வீடு திரும்பும் பகுதியை வாசித்துவிட்டு, உம்ராவ் ஃபைஸாபாத்துக்குப் போகும் அத்தியாயத்தைக் கதையாகவாவது சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: அந்தத் தம்பியின் இடத்தில் நீங்கள் இருந்தால் கதவண்டை நின்று என்ன சொல்வீர்கள்?

எங்கள் வட்டத்தில் அதைக் கேட்டபோது பொடியன்மார் மூன்று பேர் கீழே குனிந்துகொண்டார்கள். நான்காவது பொடியன், பேக்கரியில் வேலை செய்கிறவன், மெதுவாகச் சொன்னான்: “உள்ளுக்கு வாங்க ராத்தா, தேத்தண்ணி குடிங்க எண்டு சொல்லுவன் சேர். மத்தத பிறகு பாப்பம்.”